பேராசிரியர் வேணிமாதவ பரூவா

ஒரு சமயம் மறைந்து, அதன் நூல்களும் மறைந்து, அதனைப் பகைத்தோர் எழுதி வைத்த குறிப்புகள் மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அதன் உண்மை வரலாற்றை எங்ஙனம் அறிவது? இவ்வினாவை எடுத்துக்கொண்டு உழைத்த பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கையை, நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலர் வாயிலாக இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலிமொழிப் பேராசிரியராக விளங்கிய டாக்டர் வேணிமாதவ பரூவாவே அவ்வறிஞர்.

இன்று வங்காளதேசத்தில் உள்ள சிட்டகாங் மாவட்டத்தில், மகாமுனி பஹார்தலி என்னும் சிற்றூரில் 1888ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவர் பிறந்தார். இந்துக்களும் இசுலாமியரும் பெருந்தொகையினராக வாழ்ந்த அந்நிலத்தில், பரூவா என்னும் பெயர் தாங்கிய வங்கப் பௌத்தர்கள் மிகச் சிறு கூட்டத்தினர். அச்சமூகத்தில் தோன்றிய கிருபாசரண மகாதேரர் 1892இல் கல்கத்தாவில் பௌத்த தர்மாங்குர சபையை நிறுவி, தம் மக்களின் கல்விக்காகவும் பாடுபட்டார். சிறியதொரு சங்கம் ஒரு சமூகத்துக்கு எத்துணை ஊன்றுகோல் ஆகும் என்பதை நம் கழக உறுப்பினர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பரூவா 1911இல் பாலிமொழியைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். 1912இல் தம் சொந்த ஊரின் மகாமுனி ஆங்கிலோ-பாலிப் பள்ளியில் தலைமையாசிரியராக அமர்ந்தார். 1913இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தேறினார். 1914இல் அரசின் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து இரண்டே ஆண்டுகளில் இலண்டனுக்குச் சென்ற இச்செய்தியை எண்ணுந்தோறும், அதே தொழிலில் இருக்கும் நாம் பெருமிதம் கொள்கின்றோம். 1917இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.லிட். பட்டம் வழங்கியது. அப்பட்டத்தை அங்குப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1916-17இல் நம் அண்ணல் அம்பேத்கரும் அந்நகரிலேயே பொருளியல் பயின்றுகொண்டிருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தாயகம் திரும்பிய பரூவா 1918 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1925இல் பேராசிரியர் பதவி எய்தினார். பௌத்தத்துக்கு முற்பட்ட இந்தியத் தத்துவ வரலாறு பற்றிய அவரது பெருநூல் 1921இல் வெளிவந்தது. உபநிடத முனிவர்களோடு, வேதத்தை ஏற்காத பூரண காசியபர், அசித கேசகம்பலர், மக்கலி கோசாலர் முதலியோரையும் சிந்தனையாளர்களாக மதித்து அந்நூலில் அவர் ஆராய்ந்தார்.

அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த ஆசீவகர் பற்றிய நூலே நாம் இங்குச் சிறப்பாகக் கருத வேண்டுவது. ஆசீவகரின் சொந்த நூல் ஒன்றும் இன்று இல்லை. அவர்களை மறுத்த சமணரும் பௌத்தரும் எழுதியவையே உள்ளன. ஆசீவகத் தலைவரான கோசாலரைச் சமண நூல், படம் காட்டிப் பிழைப்பவரின் மகனாக மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர் என்கிறது. பௌத்த உரையோ, எண்ணெய்க் குடம் சுமந்து சென்ற அடிமை வழுக்கி விழுந்து, ஆண்டானுக்கு அஞ்சி ஓடுகையில் ஆடையை அவன் கையில் விட்டு நிர்வாணத் துறவியானதாகக் கதை சொல்கிறது. கொள்கையை மறுக்க வந்தவர்கள் பிறப்பை இழித்துரைப்பது எத்துணைப் பழைய வழக்கம் என்பதை நம் இளைஞர்கள் உணர்வார்கள்.

பரூவா பிறப்பால் பௌத்தர். ஆயினும் தம் சமயத்து உரைகாரர் கூற்று என்பதற்காக அக்கதையை அவர் வரலாறாகக் கொண்டுவிடவில்லை. பாலி நூல்களையும் சமண ஆகமங்களையும் இலக்கண நூலார் தரும் சொல்விளக்கங்களையும் கல்வெட்டுகளையும் ஒப்புநோக்கினார். கயைக்கு அருகில் பராபர் குன்றில் அசோகரும், நாகார்ச்சுனிக் குன்றில் அவர் வழிவந்த தசரதரும் ஆசீவகருக்குக் குகைகள் அளித்தனர். அக்கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர் என்னும் சொல்லைப் பிற்காலத்தில் யாரோ உளியால் சிதைத்திருக்கின்றனர். எனினும் உளி பட்ட இடத்திலேயே அப்பெயரை இன்றும் அறிய முடிகின்றது.

பரூவா தொடங்கிய ஆராய்ச்சியை ஏ.எல். பாஷம் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1951இல் வெளியிட்ட நூலில் விரிவுபடுத்தினார். அதற்கு நம் மணிமேகலையும் நீலகேசியும் சிவஞான சித்தியார் பரபக்கமும் சான்று வழங்கின. வடக்கே மங்கிய ஒரு சமயத்தின் கொள்கை தமிழ் நூல்களில் தங்கியிருந்தது.

காரவேலனின் கல்வெட்டு, பார்கூத் சிற்பங்கள், கயை, அசோகர் சாசனங்கள் ஆகியவை பற்றியும் பரூவா அரிய நூல்கள் எழுதினார். 1935இல் கல்கத்தாவில் நாளந்தா வித்யா பவனை நிறுவினார். 1944இல் இலங்கை அவருக்குத் திரிபிடகாசாரியர் என்னும் பட்டமளித்துப் போற்றியது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! நம் முன்னோரைப் பற்றியும் பிறர் எழுதியவையே மிகுதி. அச்சில் ஏறிவிட்டது என்பதற்காக இழிவுரையை நம்பிவிடுதல் தவறு. அதற்கு ஈடாக ஆதாரமற்ற புகழுரையைப் புனைதலும் தவறே. மூலமொழி கற்று, இருதரப்பு நூல்களையும் பயின்று, கல்லையும் ஏட்டையும் நேரில் கண்டு உண்மையைத் தேடுதலே பரூவா காட்டிய நெறி. நம் கழகத்தின் நூலகத்திலும் உதவித்தொகையிலும் வளரும் மாணவருள் ஒருவரேனும் அந்நெறியில் சென்று வரலாற்றாசிரியராக உயர்வாராயின், இவ்வெள்ளிவிழா பொருளுடையதாகும் என நாம் உறுதியாக நம்புகின்றோம்.