அவமானம் ஏன் கோபமாக மாறுகிறது? காந்தியின் வாழ்க்கை சொல்வது என்ன?

ஆபீஸ் மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னாடி மேனேஜர் உங்களை மட்டம் தட்டிவிட்டார். அங்கே நீங்கள் வாயே திறக்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும், குழம்பில் உப்பு இல்லை என்று எரிந்து விழுகிறீர்கள். பிரச்சனை உப்பு இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வெளியே பொறுமை, வீட்டில் ஆத்திரம். பொறுமைக்குப் பெயர்போன காந்தியின் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. அதை மறைக்காமல் சுயசரிதையில் எழுதியவரும் அவரேதான்.

சிறுவயதில் என்ன நடந்தது?

காந்திக்கு அப்போது சுமார் 15 வயது. அண்ணன் வாங்கிய 25 ரூபாய் கடனை அடைக்க, அண்ணனின் தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்தார். பிறகு மனசு உறுத்த, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, படுக்கையில் இருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா கோபப்பட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அப்பாவோ அழுதுகொண்டே காகிதத்தைக் கிழித்துப் போட்டார். தப்பை ஒத்துக்கொண்டால் பாசம் போய்விடாது என்று அந்தப் பையனுக்குப் புரிந்தது.

ஆனால் 1885-ல் அப்பா இறந்த நிமிடத்தில் காந்தி பக்கத்தில் இல்லை. மனைவி கஸ்தூர்பாவின் அறைக்குப் போயிருந்தார். அந்த வெட்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

தென்னாப்பிரிக்காவில் என்ன ஆனது?

1893-ல் 23 வயது வக்கீலாக டர்பன் போனார். கோர்ட்டில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள்; மறுத்து வெளியேறினார். சில நாட்களில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டார். கடுங்குளிர். ஓவர்கோட்டோ ரயில்வேகாரர்கள் எடுத்து வைத்த பெட்டிக்குள். கேட்டால் மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று பயந்து, கேட்காமலே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து ஏறிய குதிரை வண்டியில் அடியும் விழுந்தது.

இந்த வலி ஓரிடத்தில் இரக்கமாக மாறியது. பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி முதலில் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு வழக்கை எடுத்து, அவரை வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

1897 ஜனவரியில் டர்பனில் ஒரு கும்பல் காந்தியைக் கல்லால் அடித்தது. அடித்தவர்கள் மீது வழக்குப் போட அரசே முன்வந்தும் அவர் வேண்டாம் என்றார்.

அப்புறம் வீட்டில் ஏன் கோபம்?

அதற்கு அடுத்த வருடம், அதே டர்பன். காந்தியின் குமாஸ்தாக்களும் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். அறைகளில் வைத்திருந்த சிறுநீர்ப் பாத்திரங்களை அவரும் கஸ்தூர்பாவும் சுத்தம் செய்தார்கள். பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவ குமாஸ்தாவின் பாத்திரத்தை எடுக்க கஸ்தூர்பாவுக்கு மனம் வரவில்லை. அழுதுகொண்டே எடுத்தார். காந்திக்கு அதுவும் போதவில்லை; சிரித்த முகத்தோடு செய்ய வேண்டுமாம். வாக்குவாதம் முற்றி, அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், வெளியே தள்ள கேட்டைத் திறந்தார்.

இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டார் கஸ்தூர்பா. காந்தி வெட்கப்பட்டு கேட்டை மூடினார்.

உளவியல் என்ன சொல்கிறது?

அவமானம், 'நானே மோசம்' என்று உணரவைக்கிறது. அது தாங்க முடியாதபோது, பழியை அடுத்தவர் மேல் தூக்கிப் போட்டு ஆத்திரப்படுகிறோம். அமெரிக்கச் சிறைகளில் வன்முறைக் குற்றவாளிகளோடு வேலை பார்த்த மனநல மருத்துவர் ஜேம்ஸ் கில்லிகன், பல வன்முறைகளின் வேர் அவமானம்தான் என்ற முடிவுக்கு வந்தார். குற்ற உணர்வு வேறு. அது 'நான் செய்தது தப்பு' என்கிறது, சரிசெய்யவும் தூண்டுகிறது.

சாதி வித்தியாசம் பார்க்காத வீடு என்று காந்தி பெருமைப்பட்டிருப்பார். மனைவியின் கண்ணீர் அந்தப் பிம்பத்தை உடைத்தது. வெள்ளைக்காரரிடம் காட்டாத கை, திருப்பி அடிக்க முடியாதவர் மேல் நீண்டது. ஆனால் கேட்டருகே அவர் பழியை மனைவி மேல் போடவில்லை. செய்ததைப் பார்த்தார், நிறுத்தினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. அவருடைய கண்டிப்பைத் தாங்காமல் மூத்த மகன் ஹரிலால் 1911-ல் வீட்டை விட்டுப் போனார். அந்த உறவு கடைசி வரை ஒட்டவில்லை. ஆனாலும் காந்தி தன்னைக் கவனிப்பதை விடவில்லை. பிற்காலத்தில் திங்கட்கிழமைதோறும் மௌனம் இருந்தார்.

நீங்கள் மகாத்மா ஆக வேண்டாம். அடுத்த முறை குரல் உயரும்போது, இன்று எங்கே அவமானப்பட்டோம், அதை யார் மேல் இறக்குகிறோம் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே கத்திவிட்டீர்களா? கேட்டை மூட இன்னும் நேரம் இருக்கிறது. போய், செய்தது தப்புன்னு சொல்லுங்க.