லண்டனில் ஒரு இந்திய வார்டு கவுன்சிலர்: கிருஷ்ண மேனனின் அதிகம் பேசப்படாத 13 ஆண்டுகள்

வி.கே. கிருஷ்ண மேனன் என்றதும் பலருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1957-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் காஷ்மீர் பற்றி அவர் கிட்டத்தட்ட 8 மணி நேரம் பேசியது. இன்னொன்று, 1962 சீனப் போரில் ஏற்பட்ட பின்னடைவால் பாதுகாப்புத் துறை அமைச்சர் பதவியை இழந்தது.

ஆனா இதற்கெல்லாம் முன்பே அவருக்கு இன்னொரு அரசியல் வாழ்க்கை இருந்தது. 1934 முதல் 1947 வரை, லண்டன் மாநகரின் செயின்ட் பான்கிராஸ் பகுதியில் அவர் ஒரு வார்டு கவுன்சிலர். இந்தியாவை பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அந்த ஆட்சியை எதிர்த்து மேடை போட்டுப் பேசிய ஒருவரை, லண்டன்வாசிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். எப்படி?

6 மாதத்துக்குப் போனவர்

மலபாரில் 1896-ல் பிறந்தவர் மேனன். கோழிக்கோட்டில் படித்துவிட்டு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு சென்னை சட்டக் கல்லூரி. அன்னி பெசன்ட் நடத்திய ஹோம் ரூல் இயக்கமும் அடையாறு பிரம்மஞான சபையும் அவரை இழுத்துக்கொண்டது சென்னையில்தான். அந்தத் தொடர்பில்தான் 1924-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஆசிரியர் பயிற்சி முடித்து 6 மாதத்தில் திரும்புவதாகத்தான் திட்டம். திரும்பி வர 28 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பள்ளி ஆசிரியர் வேலை, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர் ஹரால்ட் லாஸ்கியிடம் படிப்பு, பாரிஸ்டர் பட்டம் என்று நாட்கள் ஓடின. கையில் காசு இல்லை. டீயும் பன்னும்தான் பல நாள் சாப்பாடு.

அன்னி பெசன்ட் தொடங்கிய ஒரு சிறிய அமைப்பின் பொறுப்பு 1920-களின் இறுதியில் மேனனிடம் வந்தது. பின்னாளில் அதுதான் இந்தியா லீக். பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே சுயாட்சி கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைப்பை, முழு விடுதலை கேட்கும் அமைப்பாக மாற்றினார். இந்தியர்களும் பிரிட்டிஷ்காரர்களும் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள். 1932-ல் இந்தியா லீக் அனுப்பிய குழுவில் எலன் வில்கின்சன் போன்ற தொழிற்கட்சித் தலைவர்கள் இருந்தார்கள். அந்தக் குழு இங்கே வந்து அடக்குமுறையை நேரில் பார்த்து எழுதிய அறிக்கைக்கு முன்னுரை எழுதியவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்.

இந்தியர் எப்படிப் போட்டியிட முடிந்தது?

சட்டப்படி தடை ஏதும் இல்லை. அப்போது இந்தியர்கள் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள். அதனால் பிரிட்டனில் வசிக்கும் இந்தியர் அங்கே ஓட்டும் போடலாம், தேர்தலிலும் நிற்கலாம். 1892-லேயே தாதாபாய் நௌரோஜி லண்டனின் ஃபின்ஸ்பரி தொகுதியிலிருந்து எம்.பி. ஆகியிருந்தார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. வீடோ கடையோ தங்கள் பொறுப்பில் வைத்திருப்பவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளும்தான் அப்போது வாக்காளர்கள். ஆக, இந்தியர்களின் ஓட்டை மட்டும் நம்பி ஜெயிக்கவே முடியாது. உள்ளூர் வெள்ளைக்காரக் குடும்பங்களின் கதவைத் தட்டித்தான் ஆகணும்.

லண்டன் அன்று 28 பரோக்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றும் நம்ம ஊர் நகராட்சி மாதிரி. குப்பை, தெருவிளக்கு, பொதுக் குளியலறை, நூலகம், சுகாதாரம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது. செயின்ட் பான்கிராஸ் அதில் ஒரு பரோ. யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையங்களைச் சுற்றி நெருக்கமான ஏழைக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. 1934 தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று மேனன் ஜெயித்தார்.

நூலகத்தைக் கையில் எடுத்தார்

டெல்லி அரசியலைப் பேசிக்கொண்டே அவர் வார்டை மறந்துவிடவில்லை. குறிப்பாக நூலகம். நூலகக் குழுவுக்குத் தலைவரான அவர், தெருவுக்குத் தெரு மதுக்கடை இருப்பதுபோல நூலகமும் இருக்கணும் என்று நினைத்தார். போர்க்காலத்தில் செயின்ட் பான்கிராஸ் பரோ ஒரு வேனையே நூலகமாக்கி, குண்டுவீச்சில் சிதைந்த தெருக்களுக்குப் புத்தகங்களை அனுப்பியது.

புத்தகம் சாதாரண மக்களின் கைக்குப் போகணும் என்ற எண்ணம் அவரது இன்னொரு வேலையிலும் தெரிந்தது. 1937-ல் பெங்குவின் நிறுவனம் பெலிக்கன் வரிசையைத் தொடங்கியபோது, அதன் பொது ஆசிரியராக இருந்தவர் மேனன். பொருளாதாரம், அறிவியல், வரலாறு பற்றிய நல்ல புத்தகங்கள் 6 பென்ஸ் விலையில் கிடைத்தன.

1940-ல் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் குண்டு வீசியபோது, வான் தாக்குதல் காவலராகவும் இரவுப் பணி பார்த்தார். தன் நாட்டைச் சிறையில் வைத்திருக்கும் அரசை பகலில் விமர்சித்தவர், அதே ஊர் மக்களை இரவில் காப்பாற்ற வீதியில் நின்றார். இரண்டும் அவருக்கு முரணாகப் படவில்லை.

டண்டீயில் மூடிய கதவு

ஆனா கட்சி மேலிடத்துக்கு அது முரணாகத்தான் பட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ தொகுதியில் நாடாளுமன்ற வேட்பாளராக அவரை உள்ளூர்க் கட்சியினர் 1939-ல் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே தொழிற்கட்சித் தலைமை ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கம்யூனிஸ்டுகளோடு பழகுகிறார், இவருடைய விசுவாசம் இந்தியாவுக்குத்தான் என்பது சந்தேகம். உளவுத்துறையான எம்.ஐ.5-ம் அவரைத் தொடர்ந்து கண்காணித்தது.

வார்டு வரைக்கும் ஓகே, நாடாளுமன்றம் வேண்டாம் என்பதுதான் இதன் அர்த்தம். மேனன் கட்சியிலிருந்து விலகினார். கவுன்சிலர் பதவியை விடவில்லை. 1944-ல் மீண்டும் கட்சியில் சேர்ந்தார்.

1947-ல் இந்தியா விடுதலை பெற்றது. பிரிட்டனுக்கான முதல் இந்திய ஹைகமிஷனர் என்ற பொறுப்பு வந்ததும் கவுன்சிலர் வேலை முடிவுக்கு வந்தது. அதன்பின் ராணுவ ஜீப் கொள்முதல் சர்ச்சை, அமைச்சர் பதவி, சீனப் போர் என்று அவர் பெயர் அடிபட்டது வேறு காரணங்களுக்காக. கோபக்காரர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்ற பெயரும் சேர்ந்தது. 1974 அக்டோபர் 6-ல் டெல்லியில் காலமானார்.

ஊர் கொடுத்த மரியாதை

செயின்ட் பான்கிராஸ் அவரை வேறு மாதிரி நினைவில் வைத்திருந்தது. 1955-ல் தன் உயரிய கௌரவமான பரோ சுதந்திர விருதை அவருக்கு வழங்கியது. அவருக்கு முன் அதைப் பெற்ற ஒரே ஆள், அதே பகுதியில் முன்பு கவுன்சிலராக இருந்த நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா.

செயின்ட் பான்கிராஸ் 1965-ல் புதிதாக உருவான கேம்டன் பரோவின் பகுதியாகிவிட்டது. லண்டன் கவுன்சில்களில் இந்திய, இலங்கை, வங்கதேசப் பெயர்கள் இன்று சகஜம். புலம்பெயர்ந்து போனவர் எந்த நாட்டுக்கு விசுவாசம் என்ற கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை. டண்டீ தொகுதிக்காக மேனனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது கட்சித் தலைமை. அவர் வார்டுக்காரர்கள் பார்த்தது, தெருவுக்கு நூலகம் வந்ததா என்பதைத்தான்.