மூங்கில் குச்சியை வளைத்த 'குச்சி'! ஹோட்டல் எடுபிடி ஹேண்ட்பேக் உலகை மாற்றிய கதை

ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இரண்டு 'ஜி' எழுத்துகள். ஷோரூம் கண்ணாடிக்குள்ளே இருக்கிற ஒரிஜினலோ, பிளாட்ஃபாரத்தில் தொங்குகிற டூப்ளிகேட்டோ, பார்த்தவுடனே பிராண்ட் பெயர் நமக்குத் தெரிந்துவிடும். அந்த இரண்டு எழுத்துகளும் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தவை. குச்சியோ குச்சி. ஆமாங்க, உச்சரிப்பு அதேதான். 'குரு' என்று சொல்லும்போது வருகிற 'கு'வை மட்டும் முன்னால் போட்டுக்கணும்.

பெயரிலேயே குச்சி இருக்கிற இந்த மனிதரின் பட்டறைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்ததும் ஒரு குச்சிதான். மூங்கில் குச்சி!

தொப்பிக்காரர் வீட்டுப் பையன்

1881-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார் குச்சியோ. அப்பா வைக்கோல் தொப்பி செய்து விற்றவர். அந்தத் தொழில் நொடித்துப்போனது. வேலை தேடி, பதின்ம வயதிலேயே லண்டனுக்குப் போனார் குச்சியோ. அங்கே சவாய் ஹோட்டலில் எடுபிடி வேலை கிடைத்தது.

1889-ல் திறந்த சவாய் அந்தக் காலத்தில் சாதாரண ஹோட்டல் இல்லை. மின்விளக்கும் லிஃப்ட்டும் அபூர்வமாக இருந்த நாள்களிலேயே இரண்டும் அங்கே உண்டு. பிரபுக்கள், நடிகைகள், பணக்காரப் பயணிகள் வந்து இறங்குவார்கள். அவர்களோடு மலைமலையாகப் பெட்டிகளும் பைகளும் வரும். என்ன தோல், எப்படிப் பூட்டு, மூலையை எப்படி மடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பையனின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ஒருத்தர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் யார் என்பதைக் கையில் இருக்கிற பை சொல்லிவிடுகிறது என்ற பாடம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

ரிப்பேர்தான் முதல் காலேஜ்

ஊர் திரும்பினார், கல்யாணம் பண்ணினார், முதல் உலகப்போரில் ராணுவத்துக்குப் போய் வந்தார். பிறகு ஒரு தோல்பொருள் கம்பெனியில் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். 1921-ல் ஃபிளாரன்ஸின் வியா டெல்லா விக்னா நுவோவா தெருவில் சொந்தக் கடை போட்டார். அப்போது வயது 40. 'செட்டில்' ஆகவில்லையே என்று 25 வயதில் புலம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் கடையில் இருந்ததெல்லாம் வெளியே வாங்கிய சரக்குதான். பக்கத்துப் பட்டறைகளில் செய்தவையும் உண்டு, ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவையும் உண்டு. கூடவே கடையின் பின்பக்கம் பழைய பைகளைப் பழுது பார்க்கிற வேலையும் நடந்தது. வருமானத்துக்காகத் தொடங்கிய இந்த வேலை, பெரிய பள்ளிக்கூடமாகவும் ஆனது.

ஒரு பையைப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் பலவீனம் தெரியும். கைப்பிடி பையோடு சேர்கிற இடத்தில் தையல் விடும். மூலை தேயும். பூட்டு இளகும். அதனால்தான் நல்ல தோல் வேலைக்காரர் முதலில் குத்தூசியால் ஒரே அளவு இடைவெளியில் ஓட்டை போடுவார். பிறகு ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைத்து இழுப்பார். குதிரைச் சேணம் தைக்கிற முறை இது. ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்க இழை பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் மாதிரி கடகடவென்று பிரியாது. நேரம் எடுக்கும், கை வலிக்கும், ஆனால் பை பல வருஷம் உழைக்கும்.

ரிப்பேர் பட்டறை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, சொந்தமாகப் பை செய்கிற பட்டறையானது.

தோல் இல்லையா? துணி இருக்கே!

1935-ல் முசோலினியின் இத்தாலி, எத்தியோப்பியா மீது படையெடுத்தது. பதிலுக்கு சர்வதேச சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. வெளிநாட்டிலிருந்து நல்ல தோல் வருவது சிக்கலானது. தோல் பை செய்கிறவனுக்குத் தோலே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வான்?

குச்சியோவின் பட்டறை நேப்பிள்ஸ் பக்கம் திரும்பியது. அங்கே ஹெம்ப் என்கிற நார்ச்செடியிலிருந்து நெய்த முரட்டுத் துணி கிடைத்தது. வெளிர் பழுப்பு நிறத் துணியில் அடர்பழுப்பில் குட்டிக் குட்டி டைமண்ட் வடிவங்களை அச்சடித்தார்கள். தோலை விளிம்பு, கைப்பிடி போன்ற முக்கியமான இடங்களுக்கு மட்டும் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள். தட்டுப்பாட்டுக்காகச் செய்த அந்த டிசைன்தான் பிராண்டின் முதல் அடையாளமாக மாறியது.

தீயில் வளைந்த கைப்பிடி

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இத்தாலியில் எல்லாவற்றுக்கும் பஞ்சம். ஆனால், மூங்கில் கிடைத்தது. 1947-ல் குச்சியோவின் பட்டறைக் கைவினைஞர்கள் மூங்கில் துண்டைத் தீயில் காட்டிச் சூடாக்கி, கையாலேயே மெதுவாக அரைவட்டமாக வளைத்தார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும், சூடு போதாவிட்டால் வளையாது. ஆறிய பிறகு அந்த வளைவு அப்படியே நிற்கும். அதற்கு மெருகேற்றி, சேணத்தின் பக்கவாட்டு வளைவை ஞாபகப்படுத்துகிற ஒரு தோல் பையில் கைப்பிடியாகப் பொருத்தினார்கள்.

இயற்கையான மூங்கில் என்பதால் கணு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஒரு பை மாதிரி இன்னொரு பை அச்சு அசலாக இருக்காது. 1954-ல் வெளியான ரோஸலீனியின் 'ஜர்னி டு இத்தாலி' படத்தில் நடிகை இங்க்ரிட் பெர்க்மன் அந்தப் பையோடு வந்தார். மூங்கில் கைப்பிடிப் பை இன்றைக்கும் தயாரிப்பில் இருக்கிறது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. குச்சி குடும்பம் பரம்பரை பரம்பரையாகப் பிரபுக்களுக்குச் சேணம் செய்தது என்று பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. நிஜத்தில் அவர் வைக்கோல் தொப்பிக்காரரின் மகன். என்னைக் கேட்டால், அந்தக் கட்டுக்கதையைவிட இந்த நிஜம்தான் செம கெத்து.

மகளுக்கு மட்டும் பங்கில்லை

எல்லாம் பெருமையாக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குச்சியோவின் மூத்த பிள்ளை கிரிமால்டா, ஒரே மகள். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்கில் உழைத்தவர். ஆரம்ப நாள்களில் கடன் நெருக்கி, கடையே மூடுகிற நிலை வந்தபோது, பணம் கொடுத்துக் காப்பாற்றியவர் கிரிமால்டாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவிருந்த ஜியோவானி விட்டாலி.

1953-ல் குச்சியோ இறந்தார். அதே வருஷம்தான் நியூயார்க்கில் கடை திறந்தது. கம்பெனியின் பங்குகள் ஆல்டோ, வாஸ்கோ, ரொடோல்ஃபோ என்ற மூன்று மகன்களுக்குப் போயின. மகளுக்குக் கம்பெனியில் ஒரு பங்குகூட இல்லை. பெண் என்பதுதான் காரணம்.

யோசித்துப் பாருங்க. அவர் செய்து விற்ற பைகளைக் கையில் மாட்டிக்கொண்டு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூங்கிலைக்கூடப் பொறுமையாக வளைக்க முடிந்த பட்டறையில், அந்த ஒரு விதியை மட்டும் யாராலும் வளைக்க முடியவில்லை.

நீங்களும் செய்யலாம்

தோல் பையைக் கையால் செய்யணும்னு ஆசை இருக்கிறவர்கள் குச்சியோவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. விலை உயர்ந்த தோல் வாங்கிவிட்டுத்தான் தொடங்கணும் என்று காத்திருக்காதீங்க. வீட்டில் பிய்ந்துபோன பழைய பை ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்க. எங்கே விட்டிருக்கிறது, ஏன் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை உங்கள் கையால் தைத்து மூடுங்க. தையல் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். பரவாயில்லை. அந்தக் கோணலைப் பார்த்தால், அது உங்கள் கை என்று உங்களுக்குத் தெரியும்.

நாளைக்கு அதுவே ஒரு கடையாக வளர்ந்தால், கல்லாவில் உட்கார்ந்து உழைக்கிற அக்கா, தங்கையின் பெயரையும் பங்குப் பத்திரத்தில் மறக்காமல் எழுதிவிடுங்க!