ஒளி குன்றிய கண்கள், ஓயாத விரல்கள்

பிரெயில் எழுத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அதனை உருவாக்கிய லூயி பிரெயில் ஒர்கன் வாசிப்பதிலும் வல்லவர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அவர் கற்பித்த பரிஸ் பார்வையற்றோர் பாடசாலையில் பிற்காலத்தில் பயின்று, ஒர்கன் இசையில் புகழ்பெற்றவரே லூயி வியேர்ன்.

இவர் 1870 ஒக்டோபர் 8 ஆம் திகதி பிரான்ஸின் புவாத்தியே நகரில் பிறந்தார். பிறவியிலேயே கண்புரை. ஆறு வயதில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் பயனாகப் பெரிய உருவங்களையும் பெரிய எழுத்துகளையும் ஓரளவு காண முடிந்தது. கண்ணின் குறையை எண்ணிக் குடும்பத்தார் சோர்ந்துவிடவில்லை. செவியின் நுட்பத்தைக் கண்டுகொண்டு இசை பயில வைத்தனர்.

ஒர்கன் என்பது நாம் அறிந்த சிறிய கீபோர்ட் அல்ல. பொல்பிட்டியவில் பெருங்குழாய்வழி இறங்கும் நீர் மின்சாரமாகிறது. ஒர்கனிலோ குழாய்களுள் புகும் காற்று இசையாகிறது. கைகள் மட்டுமன்றிக் கால்களும் சேர்ந்து அதனை வாசிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குழாய்களும் கைகளுக்கென ஐந்து கட்டை வரிசைகளும் கொண்ட நோத்ருதாம் பேராலய ஒர்கனுக்கு, 1900 இல் நடந்த போட்டியில் வியேர்ன் தெரிவானார்.

அதன்பின் துன்பங்கள் தொடர்ந்தன. 1906 இல் வீதி விபத்தில் கால் முறிந்தது. காலால் வாசிக்கும் முறையை மீண்டும் பழக நேர்ந்தது. 1913 இல் ஒரு மகனையும், முதலாம் உலகப் போர்க் காலத்தில் இன்னொரு மகனையும் தம்பியையும் இழந்தார். எஞ்சிய பார்வையைக் காப்பாற்றச் சுவிட்சர்லாந்தில் பல ஆண்டுகள் சிகிச்சை பெற்றார்.

திரும்பி வந்தவர் எழுதுவதை நிறுத்தவில்லை. பெரிய தாள்களில் பெரிய குறியீடுகளாக எழுதினார். அதுவும் இயலாதபோது பிரெயில் துணைநின்றது. 1926, 1927 ஆம் ஆண்டுகளில், தனி ஒர்கனுக்கென ஆறு ஆறு பகுதிகளாக நான்கு இசைத்தொகுதிகளைப் படைத்தார். மொத்தம் 24 பகுதிகள். அவற்றுள் ஒன்று நிலவொளியைப் பாடுகிறது. இன்னொன்று, பழைய சுவர்க்கடிகாரங்களில் நாமும் கேட்டிருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மணியோசையை ஆலயம் அதிரும் பேரிசையாக வளர்க்கிறது. நிலவைத் தெளிவாகக் காணாதவர் அதன் அமைதியைப் பிறருக்குக் கேட்கச் செய்தார் என்பது எத்துணை வியப்பு!

1937 ஜூன் 2 ஆம் திகதி நோத்ருதாமில் 1750 ஆவது கச்சேரி. மூன்று பகுதிகள் கொண்ட தமது தொகுதியொன்றை வாசித்து முடித்தார். அதன் இறுதிப் பகுதி, இறந்துபோன ஒரு குழந்தையின் நினைவாக எழுதப்பட்டது. அடுத்ததைத் தொடங்கும் வேளையில் ஒர்கன் முன்னிலையிலேயே சாய்ந்தார். அவரது கால் பட்ட கட்டையிலிருந்து ஒற்றை நாதம் ஆலயமெங்கும் ஒலித்தது.

அன்புப் பெற்றோரே, பிள்ளையிடம் இல்லாததை எண்ணிக் கவலையுறும் நேரத்தில், இருப்பது யாதெனத் தேடிப் பாருங்கள். தோழியரே, தேடிக் கண்டதை உழைப்பால் வளர்ப்பது நம் கடமை. வியேர்னின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுவே.