காலராவின் நஞ்சைக் கண்டவர்

வங்காளத்தில் காலரா நோய் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கொள்ளை கொண்டது. காலையில் நலமுடன் இருந்தவர் மாலைக்குள் மாண்டுபோவதும் உண்டு. அரிசி கழுவிய நீரைப் போன்ற வயிற்றுப்போக்கு உடலின் நீரையெல்லாம் வற்றச் செய்துவிடும். இந்நோய் எவ்வாறு உயிரைப் பறிக்கிறது என்னும் புதிருக்கு விடை கண்டவர் சம்புநாத் தே.

அவர் 1915ஆம் ஆண்டு ஹூக்ளி மாவட்டத்தின் கரிபாட்டி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்றுப் பயின்று, கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று ஆய்வுப் பட்டமும் பெற்று, 1949இல் தாயகம் திரும்பினார். தம் கண்முன்னே மக்களை வாட்டிய காலராவையே ஆராயத் தொடங்கினார்.

காலராவுக்குக் காரணமான பாக்டீரியாவை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884இல் கொல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிசெய்திருந்தார். அது ஒரு நஞ்சைச் சுரக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். ஆயினும் எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்நஞ்சை எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. பலர் பாக்டீரியாவை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தனர், காலரா உண்டாகவில்லை.

நோய் குடலில் நிகழ்வதால், அதன் காரணத்தையும் குடலிலேயே தேடவேண்டும் என்று தே எண்ணினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் பாக்டீரியாவைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து பருத்திருந்தது. இவ்வாய்வு 1953இல் வெளியாயிற்று. பிறகு, பாக்டீரியா வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, ஒரு பாக்டீரியாவும் இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிறைந்தது. நோயை விளைவிப்பது பாக்டீரியா வெளிவிடும் நஞ்சே என்பது தெளிவாயிற்று. 1959இல் 'நேச்சர்' இதழ் இக்கண்டுபிடிப்பை வெளியிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

அவர் திறந்த வழியில் பிறர் தொடர்ந்து சென்றனர். அந்நஞ்சு குடற்சுவரை அழிப்பதில்லை. உடலின் நீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. ஆகவே இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். நஞ்சை உருவாக்கும் குறிப்பு பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களில் உள்ளது என்பதும் பின்னர் தெரியவந்தது. அம்மரபணுக்களைப் பாக்டீரியாவுக்குள் கொண்டு சேர்ப்பது ஒரு வைரஸ் என்று 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தீங்கற்ற ஒரு பாக்டீரியாவும் இவ்வாறு நஞ்சைப் பெற்றுக் கொடியதாக மாறக்கூடும்.

இத்தகைய ஆய்வுகளுக்கு வித்திட்டவரை அவர் வாழ்ந்த காலத்தில் நாடு போற்றவில்லை. இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. 1973இல் அவர் பணி ஓய்வு பெற்றார். பாக்டீரியா மரபியலுக்காக நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தே அவர்களின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார், பரிசு கிட்டவில்லை. 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பட்டார்.

1985ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அவர் மறைந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், இந்திய அறிவியல் இதழான 'கரண்ட் சயின்ஸ்' அவர் பணியைப் போற்றிச் சிறப்பிதழ் வெளியிட்டது.

சிந்தித்து விடை எழுதுக

1. வடிநீரை மட்டும் செலுத்தியபோதும் குடல் நீரால் நிறைந்தது. இதிலிருந்து தே அறிந்த உண்மை யாது?
2. காலரா நோயாளிக்கு நீரும் உப்பும் உடனே தருவது ஏன்?
3. தீங்கற்ற பாக்டீரியா கொடியதாக மாறுவது எவ்வாறு?