திருநாவுக்கரசு நாயனாரும் சூலைநோயும்

சித்திரைச் சதயத்திலே திருநாவுக்கரசு நாயனாரது குருபூசையை முன்னிட்டு அவர் சரித்திரத்தைப் படிப்பிக்கும் உபாத்தியாயர்கள், மாணாக்கரிடத்திருந்து ஒரு வினாவை எதிர்பார்த்தல் வேண்டும். சிவபெருமான் அன்பே வடிவினராயின், ஓரடியாரை ஆட்கொள்ளுதற்குக் கொடிய சூலைநோயை வருவித்தது என்னை? அதனினும் இனிய வழி அவர்க்கு இல்லையோ? இவ்வினா நிந்தையன்று. நோயுற்ற தாயை வீட்டிலே விட்டு வந்த ஒரு பிள்ளை இதனை வினாவுமாயின், அன்றைக்கு அதனினும் பெரிய பாடம் வேறில்லை. ஆதலின், அவ்வினாவை உட்கொண்டே நாயனாரது சரித்திரத்தை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

நாயனார் திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்திலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் புதல்வராய்க் கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே விளங்கினவர். பிள்ளைத் திருநாமம் மருணீக்கியார். தமக்கையார் திலகவதியார். அவ்வம்மையாரைக் கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவருக்கு மணம் பேசியிருந்தனர். கலிப்பகையார் அரசனது ஏவலினாலே போர்மேற் சென்றிருந்த காலத்திலே, புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே கலிப்பகையார் போர்க்களத்திலே பட்ட செய்தியும் வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் காலில் வீழ்ந்து அழுது இரந்தமையாலே அவர்பொருட்டு உயிர் தாங்கினார்.

ஒரு குடியிலே குறுகிய காலத்தில் மூன்று மரணங்கள். மருணீக்கியார் நிலையாமையை உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் வைத்து, சோலை வளர்த்து, குளந் தொட்டார். பின்னர் மெய்ந்நெறியை நாடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, அந்நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். துன்பத்திற்குக் காரணந் தேடிய உள்ளமே அவரை ஆங்குச் செலுத்தியது என்பது எமது கருத்து.

அங்கே சூலை பற்றியது. மந்திரத்தாலும் மயிற்பீலியாலும் அது தணியவில்லை. நாயனார் இரவிலே தனித்து வந்து, திருவதிகை வீரட்டானத்திலே அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்திருந்த தமக்கையாரது பாதத்தில் வீழ்ந்தார். அம்மையார் முன்னரே தம்பியார்பொருட்டு இறைவனை வேண்டியிருந்தவர். சூலை தந்து ஆட்கொள்வேமென இறைவன் கனவிலே உணர்த்தியதையும் அறிந்தவர். அறிந்திருந்தும், இந்நோய் உனக்கு நன்று என்று அவர் உபதேசித்திலர்; நெறி மாறினமைக்குத் தண்டனை என்று இடித்துரைத்ததுமிலர். தம்பியாரை எழுப்பித் திருநீறு அளித்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ஆங்கு நாயனார் பாடிய பதிகமே நான்காந் திருமுறையின் முதற்பதிகமாக உள்ளது. அதிலே அவர் தமது நோவை மறைத்தாரல்லர். தாம் செய்த கொடுமை இன்னதென்று அறியாமையையும் சொல்லி முறையிட்டார். இங்ஙனம் முறையிட்டதைத் திருமுறை நீக்காது முதலிலே வைத்துப் போற்றுகின்றது. துன்பத்திலே இறைவனை நோக்கிக் கதறுதல் அபசாரமாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சூலை நீங்கிய பின்னரும் துன்பம் நீங்கவில்லை. பல்லவ அரசன் அவரை நீற்றறையில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லிலே பிணித்துக் கடலில் இடுவித்தான். அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆராய்ச்சியாளர். சூலையிலே கதறியவர் நீற்றறையிலே கலங்காதிருந்து இறைவனது திருவடி நிழலின் தண்மையைப் பாடினார். உலகம் முன்போலவே கொடிதாயிருந்தது; அவரிடத்தே அச்சம் ஒன்றே அற்றது.

இனி, வினாவிற்கு வருவோம். பிற்காலத்து எழுந்த சைவசித்தாந்த சாத்திரங்கள், ஆணவமலம் அநாதி என்றும், அது இறைவனாற் படைக்கப்பட்டதன்று என்றும் தெளிவிக்கும். ஆகவே, தீமையை உண்டாக்கியவன் இறைவனல்லன். களிம்பேறிய செம்பைப் போலும் உயிரைத் தூய்மை செய்பவன் அவன். அவன் செய்யும் மறக்கருணை, மகனைத் திருத்தும் தந்தையின் சினம் போல்வது. இஃது எமது சமயத்தின் விடை. அறிவிற்கு ஒத்த விடை. ஆயினும், இவ்விடை பொதுவிலே துன்பத்தின் இயல்பைக் கூறுகின்றதேயன்றி, இன்னார்க்கு வந்த இந்நோய் இன்ன வினையின் பயனென்று அளந்து கூறும் அதிகாரத்தை எமக்குத் தரவில்லை.

பெரியபுராணமே இதற்குச் சான்று. திங்களூரிலே அப்பூதியடிகளது மூத்த திருநாவுக்கரசு வாழைக்குருத்து அரியும்போது பாம்பு தீண்டி இறந்தான். நாயனார் பதிகம் பாட எழுந்தான். கலிப்பகையாரோ எழுந்திலர். திலகவதியார் இழந்தவை மீளவில்லை. ஒருவர் எழுந்ததற்கும் மற்றவர் எழாமைக்கும் காரணத்தைச் சேக்கிழார் கணக்கிட்டுக் காட்டவில்லை. 12ஆம் நூற்றாண்டிலே அத்துணைப் பெரிய நூலைச் செய்தவரே விட்டதை, நாம் நோயாளியின் கட்டிலருகே நின்று விளக்கப் புகுதல் தகுமோ?

திருவீழிமிழலையிலே நிகழ்ந்ததையும் நோக்குக. மழையின்றிப் பஞ்சம் மிக்க காலத்திலே நாயனாரும் திருஞானசம்பந்த நாயனாரும் ஆங்கு எழுந்தருளியிருந்தனர். இறைவன் உடனே மழை பெய்வித்திலர். நாடோறும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு பீடத்திலே வைத்தருளினார். அக்காசைக் கடைக்குக் கொண்டு சென்று, பண்டம் வாங்கி, சமைத்து, அடியார்க்கு இடுதல் மனிதர் செய்யவேண்டிய தொழிலாயிற்று. திருநாவுக்கரசு நாயனார் பெற்ற காசு வட்டமின்றிச் செல்லுங் காசாயிருந்தது. அவர் உழவாரங் கொண்டு கைத்தொண்டு செய்பவராதலின் என்பது புராணம் கூறுங் காரணம். மழை பின்னரே பெய்தது. பஞ்சத்திலே இறைவனது நன்மை எங்கேயென்று தேடுவார்க்கு, அது அடுப்படியிலே இருந்தது என்பதே விடை.

ஆகவே யாம் துணிவது இது. துன்பத்தை அருளென்று சொல்லும் உரிமை துன்புற்றவர்க்கே உரியது. நாயனார் சூலையை அருளென்று கொண்டது அவர்க்கு அழகு. அருகே நிற்பவர்க்கு உரியது, திலகவதியாரது திருநீறும் மிழலையின் சோறுமே. வினையின் பயனென்று சொல்லிக் கையைக் கட்டி நிற்பவர், இறைவன் நல்லவனல்லன் என்பதற்குத் தாமே சான்றாகின்றனர். எழுந்து உதவுபவரோ, வாதஞ் செய்யாமலே அவனது நன்மையை நாட்டுகின்றனர்.

நாயனார் இறுதிவரையும் உழவாரத்தைக் கைவிட்டிலர். திருப்புகலூரிலே புல் செதுக்குகையிற் பொன்னும் மணியும் வெளிப்பட, அவற்றைப் பரற்கற்களோடு வாரிக் குளத்தில் எறிந்தார். தமது 81ஆம் வயதிலே, சித்திரைச் சதயத்திலே, அத்தலத்திலே இறைவனோடு கலந்தார் என்பது மரபு.

உபாத்தியாயர்களே, அவ்வினாவை வினாவும் பிள்ளையை அதட்டி இருத்தாதேயுங்கள். சித்தாந்தத்தை அவன் வளர்ந்த பின்னர் விரித்துரைக்கலாம். முதலிலே அவன் வீட்டில் நோயுற்றிருப்பவர் யாரென்று கேளுங்கள்; பாடசாலை விட்டபின் அவனோடு சென்று பார்த்து வாருங்கள். நாயனாரது குருபூசை அன்றே நிறைவெய்தும்.

திருச்சிற்றம்பலம்.