சத்தும் அதற்கு எதிர்மருந்தும் தந்த சுப்பாராவ்

மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். மருத்துவமனை உணவுப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு எல்லாப்ரகட சுப்பாராவைத் தவிர வேறு யாரையும் எழுதத் தோணலை.

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தி வந்தது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார்.

சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ நோய் கொண்டுபோனது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் பேதியாகவே போய்விடும் நோய் அது. அவருக்கும் வந்தது, பிழைத்தார். சத்துக் குறைவு என்பது அவருக்கு வெறும் பாடப்புத்தக விஷயமல்ல.

1922-ல் பாஸ்டன் போனார். படிப்புச் செலவுக்காக ஆஸ்பத்திரியில் ராத்திரி ஊழியம் செய்தார். 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, பாஸ்பரஸ் அளவை நிறத்தைக் கொண்டு கண்டறியும் முறையை வெளியிட்டார். ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காததால் 1940-ல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது மருந்தாயிற்று. நம்ம கடலோர ஊர்க்காரர்கள் அறிந்த யானைக்கால் மாத்திரை டி.இ.சி.யும் அவர் தலைமையில் நடந்த ஆய்வின் பலன்தான்.

ஃபோலிக் அமிலம் ரத்தப் புற்றை வேகப்படுத்துவதாக டாக்டர் சிட்னி ஃபார்பர் சந்தேகித்தார். உடனே சுப்பாராவ் குழு அந்தச் சத்துக்கு எதிரான மருந்துகளைச் செய்து கொடுத்தது. 1948-ல் குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கிடைத்த செய்தி வெளியானது. அந்த மருந்துகளின் வாரிசுதான் மெத்தோட்ரெக்சேட்.

வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. இன்று ஸ்டெம் செல் மாற்று என்கிறோம். கொடையாளியின் செல்கள் நோயாளியின் உடம்பைத் தாக்காமலிருக்க மெத்தோட்ரெக்சேட் கொடுப்பதுண்டு. ஆனா வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காது. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே சத்து நிலையைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

உயரம், எடை மட்டும் போதாது. ஆறு மாதத்தில் எவ்வளவு எடை குறைந்தது, நேற்று என்ன சாப்பிட்டார், மேற்கைச் சுற்றளவு எவ்வளவு, கைப்பிடியில் வலு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கணும். உடம்பில் நீர் கோத்திருந்தால் தராசு ஏமாற்றிவிடும். காய்ச்சலும் அழற்சியும் இருந்தால் ஆல்புமின் அளவு தானாகவே இறங்கும். அதை மட்டும் நம்பக்கூடாது. எங்க அனுமந்தைப் பக்கம் உப்பளத்துப் பெண்கள் தராசைத் தேடுவதில்லை. வளையல் முழங்கைக்கு ஏறுது, ரவிக்கை தொளதொளன்னு ஆயிடுச்சு என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதை அளந்து பார்க்கும்போதெல்லாம் 1925-ம் ஆண்டு நினைவுக்கு வருகிறது.

1948 ஆகஸ்டில், 53-ம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். தாய்நாடு திரும்பவேயில்லை. நூற்றாண்டான 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: வார்டுக்குப் போனால் மருந்துச் சீட்டைப் பார்க்குமுன் நோயாளி என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.